ஆடித் தள்ளுபடியில் வாங்கிய கன்சோலும் இன்னும் வராத விளையாட்டும்

எங்கள் வீட்டு பீரோ மேல் ஒரு கேம் கன்சோல், அதாவது டிவியில் மாட்டி விளையாடும் பெட்டி, இருக்கிறது. வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. எந்த விளையாட்டுக்காக வாங்கினேனோ, அந்த கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 6, சுருக்கமாக ஜிடிஏ 6, இன்னும் வெளிவரவில்லை. இடையில் கன்சோலின் வாரண்டி முடிந்தது, ஒரு புயலில் நனைந்தது, ஒருமுறை செத்துப் பிழைத்தது. இதில் என் கையிலிருந்து வீணாகப் போனது 42,000 ரூபாய்க்கும் மேல். நான் புதுச்சேரியில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். அடுத்தவர் பில்லில் எட்டணா இடித்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். என் சொந்தக் கணக்கில் இப்படி ஓட்டை விழுந்ததை வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் போன வாரம் வந்து, "அண்ணா, ஜிடிஏ 6 வருதே, இப்பவே கன்சோல் வாங்கிடவா?" என்று கேட்டான். அவனிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். எனக்கு இதையெல்லாம் அன்றைக்குச் சொல்ல ஆளில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

இந்தப் பைத்தியம் எங்கே ஆரம்பித்தது என்று சொன்னால்தான் மற்றது புரியும். எட்டாவது படிக்கும்போது முத்தியால்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டர். மணிக்கு இருபது ரூபாய். நாலு பேர் ஆளுக்கு ஐந்து ரூபாய் போட்டு, ஒரு நாற்காலியில் ஒருவன் உட்கார, மூன்று பேர் பின்னால் நின்றுகொண்டு வைஸ் சிட்டி ஆடுவோம். 2002-ல் வந்த ஜிடிஏ வரிசை விளையாட்டு அது. ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் சீட் கோடுகளை எழுதி வைத்திருப்போம். 'பான்சர்' என்று தட்டினால் பீரங்கி வண்டி வந்து விழும், 'லீவ்மீஅலோன்' என்று தட்டினால் போலீஸ் விட்டுவிடும். கடலோரமாக நீளும் அந்த ஓஷன் டிரைவ் எங்களுக்கு பீச் ரோடு மாதிரியே இருக்கும். காந்தி சிலை எங்கே வரும், பழைய கலங்கரை விளக்கம் எங்கே வரும் என்று கணினித் திரையில் கை வைத்துச் சண்டை போடுவோம். கதை மட்டும் ஒரு வரி புரியாது. அமெரிக்க இங்கிலீஷ். இடையில் கதை சொல்லும் கட்சீன் வந்தால் ஐந்து ரூபாய் கரைகிறதே என்று என்டரைத் தட்டித் தள்ளிவிடுவோம்.

கதைக்காக விளையாடுவது என்ன என்று தெரிந்தது 2020 ஊரடங்கில். சித்தப்பா மகன் வீட்டுக் கணினியில் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2. ஜிடிஏ-வை உருவாக்கும் அதே ராக்ஸ்டார் நிறுவனத்தின் விளையாட்டு. அதில் ஆர்தர் மார்கன் ஒரு அலமாரியைத் திறந்தால் உள்ளே இருக்கும் டப்பாக்களைக் கை நீட்டி ஒவ்வொன்றாக எடுப்பான். மானை வேட்டையாடினால் தோலை உரிக்க வேண்டும், சுருட்ட வேண்டும், தூக்கிக் குதிரை மேல் போட வேண்டும். கூடாரத்துக்குத் திரும்பினால் யாராவது நெருப்புப் பக்கம் உட்கார்ந்து பழைய கதை பேசுவார்கள், நாமும் உட்காரலாம். இதை 'இழுவை' என்று திட்டியவர்கள் உண்டு. எனக்கு அந்த நிதானம்தான் பிடித்தது. ஓட விடாமல் நம்மை அங்கே குடி வைத்துவிடுகிறார்கள். முதல்முறையாக ஒரு கட்சீனைக்கூடத் தள்ளாமல் பார்த்தேன். முடிந்தபோது விடியற்காலை மூன்று மணி. மொட்டை மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

அப்படி இருந்தவனுக்கு 2023 டிசம்பர் 5 காலை ஜிடிஏ 6-ன் முதல் டிரெய்லர் கிடைத்தது. நம்மூர் நேரத்துக்கு அன்று மாலை வருவதாகத்தான் அறிவிப்பு. முன்கூட்டியே கசிந்ததால் விடியலுக்கு முன்பே அவர்களே வெளியிட்டுவிட்டார்கள். படுக்கையில் போர்வைக்குள் போனை வைத்துப் பார்த்தேன். சிறை உடையில் ஒரு பெண். ஏன் இங்கே வந்திருக்கிறாய் தெரியுமா என்று கேட்கிறார்கள். கெட்ட நேரம்தான் என்கிற மாதிரி ஒரு பதில் சொல்கிறாள். அவள்தான் லூசியா. கூட ஒருவன், பெயர் ஜேசன் என்று பிறகு தெரிந்தது. ராணுவத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, தீவுப் பக்கம் போதைக் கடத்தல்காரர்களிடம் வேலை பார்ப்பவன். இருவரும் ஜோடி. ஊர் மறுபடியும் வைஸ் சிட்டி. ஃபுளோரிடாவை மாதிரியாக வைத்து லியோனிடா என்று ஒரு மாநிலத்தையே கட்டியிருக்கிறார்கள். கடற்கரை, தீவுகள், முதலை திரியும் சதுப்பு நிலம். சதுப்பில் படகு போகும் காட்சியைப் பார்த்ததும் பிச்சாவரம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் படுத்திருந்த மனைவி "என்னங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல, தூங்கு" என்றேன். மறைப்பு அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

என்னைப் பிடித்து இழுத்தது படத்தின் பளபளப்பு இல்லை, அந்த ஜோடிதான். ஜிடிஏ 5-ல் மைக்கேல், ஃபிராங்க்ளின், டிரெவர் என்று மூன்று பேர். ஒருவரிலிருந்து இன்னொருவருக்கு மாறும்போது கேமரா வானத்துக்குப் போய், ஊரைக் காட்டிவிட்டு, வேறிடத்தில் இறங்கும். இறங்கிப் பார்த்தால் டிரெவர் எங்கோ மலையில் உள்ளாடையோடு எழுந்துகொண்டிருப்பான். நாம் பார்க்காத நேரத்திலும் அவன் பாட்டுக்கு ஒரு வாழ்க்கை ஓடியிருக்கிறது என்ற பிரமை. அந்த மூவர் கூட்டாளிகள், பாதி நேரம் ஒருவரை ஒருவர் ஏமாற்றுகிறவர்கள். இந்த இருவர் காதலர்கள். சேர்ந்து நின்றால்தான் தப்பிக்க முடியும் என்று பேசிக்கொள்கிறார்கள். அப்படியானால் நான் ஜேசனாக இருக்கும்போது லூசியா என்ன செய்துகொண்டிருப்பாள்? ஒருவர் தப்பு செய்தால் மற்றவருக்குத் தெரிய வருமா? நான் எடுக்கும் முடிவு அவர்கள் நம்பிக்கையைக் குறைக்குமா, அல்லது கதை தன் போக்கில்தான் போகுமா? இதை நினைத்துக்கொண்டே மாதக்கணக்கில் பஸ்ஸில் அலுவலகம் போய் வந்திருக்கிறேன். இந்த எதிர்பார்ப்பு இன்பமானது, செலவில்லாதது. அதோடு நின்றிருக்க வேண்டும்.

நிற்கவில்லை. டிரெய்லர் 2025 என்றது. 2024 மே மாதம் 2025 இலையுதிர் காலம் என்று இன்னும் குறுக்கிச் சொன்னார்கள். ஆடி மாதம் வந்தது, நகரமெங்கும் தள்ளுபடித் தட்டி. கையில் ஒரு லட்ச ரூபாய் சீட்டு ஓடிக்கொண்டிருந்தது. இருபது மாதச் சீட்டு, மாதம் ஐயாயிரம். மனைவிக்கு ஐந்தாம் மாதம். சீட்டு பிரசவத்துக்கு என்றுதான் பேச்சு. தலைப்பிரசவம் என்பதால் பண்ருட்டியில் மாமனார் பார்த்துக்கொள்வார், எனக்கு இப்போதைக்குச் செலவில்லை என்று மனசுக்குள் ஒரு குறுக்குக் கணக்குப் போட்டேன். ஆறாவது மாதமே 18,000 தள்ளி 82,000-க்கு எடுத்தேன். அதில் கன்சோல் 54,990. அதோடு விட்டேனா? 55 இன்ச் டிவி ஒன்று, 120 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 120 முறை படம் மாற்றும் திரை), 64,000. பற்றாத 36,990-ஐ இஎம்ஐ-யில் போட்டேன். வீட்டில் "எல்லாம் இஎம்ஐ-தான், மாதம் மூவாயிரம் சொச்சம்" என்றேன். சீட்டு எடுத்ததைச் சொல்லவில்லை.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. கணக்கு எழுதுகிறவன் தவறவிட்டது. 2024 ஆகஸ்டில் வாங்கிய பொருளுக்கு ஒரு வருட வாரண்டி என்றால் 2025 ஆகஸ்டில் முடியும். விளையாட்டு வருவதாகச் சொன்னதே 2025 இலையுதிர் காலம், அதாவது செப்டம்பருக்குப் பிறகு. தள்ளிப்போகாமல் சொன்ன நேரத்துக்கே வந்திருந்தாலும், வாரண்டி முடிந்த கன்சோலில்தான் அதை ஆடியிருப்பேன். இது தெரிய பெரிய அறிவெல்லாம் வேண்டாம், கேலண்டர் போதும். ஒரு விளையாட்டுக்காக மட்டும் கன்சோல் வாங்குகிறீர்கள் என்றால் அந்த விளையாட்டு கடைக்கு வந்த வாரத்தில் வாங்குங்கள். இந்தக் கன்சோல்கள் அதற்குள் ஒன்றும் காணாமல் போய்விடாது. பண்டிகைத் தள்ளுபடி ஆடியில் மட்டும் வருவதும் இல்லை.

டிவி விஷயம் இன்னும் மோசம். 120 ஹெர்ட்ஸ் எதற்கு வாங்கினேன்? விளையாட்டு வினாடிக்கு அறுபது பிரேம் (படம்), நூற்றிருபது பிரேம் என்று யூடியூபில் நாலு பேர் ஊகித்துக்கொண்டிருந்தார்கள். நிறுவனம் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதே நிறுவனத்தின் ரெட் டெட் 2 அந்தக் காலக் கன்சோல்களில் ஓடியது முப்பது பிரேமில். முப்பதுக்கு வீட்டில் இருந்த பழைய டிவியே தாராளம். ஆக, நான் டிவி வாங்கவில்லை, ஒரு யூடியூபரின் ஊகத்தை வாங்கினேன். அதற்கு அபராதமும் கட்டினேன்: 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. என் 64,000-ல் அடக்க விலை 50,000, வரி 14,000. காத்திருந்திருந்தால் வரி 9,000. ஐயாயிரம் போச்சு. வரி குறையும் என்று யாருக்கும் தெரியாதுதான், ஆனால் தேவை வரும் வரை காத்திருந்தவர்களுக்கு அது தானாகக் கிடைத்தது. ஆன்லைன் சந்தா ஒன்றும் வருடத்துக்கு ஏறக்குறைய நாலாயிரம் கட்டி எடுத்தேன். கதைப் பகுதியைத் தனியாக ஆடுவதற்கு அந்தச் சந்தா தேவையே இல்லை. மற்றவர்களோடு ஆன்லைனில் மோதுவதற்குத்தான் அது. கடைக்காரர் கேட்டார், "போட்டுடலாமா சார்?" நான் தலையாட்டினேன்.

அடுத்து ஃபெஞ்சல். மனைவியைப் பண்ருட்டிக்கு அனுப்பியாகிவிட்டது. கிருஷ்ணா நகரில் தரைத்தள வீட்டில் நான் மட்டும். 2024 நவம்பர் 30 இரவு புயல் எங்கள் தலைமேல் கரையைக் கடந்தது. கடந்ததோடு போயிருந்தால் தேவலை, நகராமல் அப்படியே நின்று கொட்டியது. 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கரண்ட் போய்விட்டது. விடியும் முன் கட்டில் காலை நனைத்த தண்ணீர், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது. மறுநாள் எங்கள் பகுதிக்கு ராணுவம் படகோடு வந்து ஆட்களை மீட்டது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்வீர்கள். அந்த இருட்டில் போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நான் முதலில் எதைத் தூக்கினேன் தெரியுமா? கன்சோலை. ஒரு போர்வையில் சுற்றி பீரோ மேல் வைத்தேன். அடுத்து டிவியைக் கட்டில் மேல் ஸ்டூல் போட்டு அதன் மேல் ஏற்றினேன். அதற்கப்புறம்தான் பீரோவின் கீழ்த்தட்டு நினைவுக்கு வந்தது. மனைவியின் ஸ்கேன் ரிப்போர்ட் ஃபைல், ரேஷன் கார்டு, அவள் சான்றிதழ்கள். ஃபைலைத் தூக்கும்போது அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. சரியாக அப்போது அவளிடமிருந்து போன். "பத்திரமா இருக்கீங்களா? மேல் வீட்டுக்குப் போயிடுங்க, பொருளெல்லாம் போனா போகுது" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. சிக்னல் சரியில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

போர்வையில் சுற்றியது அடுத்த முட்டாள்தனம். காற்றில் வெண்டிலேட்டர் வழியாகச் சாரல் அடித்திருக்கிறது. போர்வை அதை உறிஞ்சி, ஈரத்துணி போட்டு மூடிய மாதிரி மூன்று நாள் கன்சோலைப் பொத்தி வைத்திருக்கிறது. தண்ணீர் வடிந்து கரண்ட் வந்து, வீட்டைக் கழுவிவிட்டு, அதை இறக்கித் துடைத்தேன். வெளியே ஈரமில்லை. சும்மா ஓடுகிறதா என்று பார்க்க ஸ்விட்சைப் போட்டேன். நீல விளக்கு ஒருமுறை எரிந்தது, பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது, அவ்வளவுதான்.

கடலோர ஊர்க்காரர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். நனைந்த மின்சாதனத்தை 'ஓடுகிறதா' என்று பார்ப்பதற்காகப் போடவே போடாதீர்கள். ஈரம் மட்டும் இருக்கும்போது அது பெரும்பாலும் பிழைக்கக்கூடிய நிலையில்தான் இருக்கும். கரண்ட் பாயும்போதுதான் ஷார்ட் ஆகிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு அப்படியே சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். மழைக்காலத்தில் மேலே ஏற்றி வைப்பதானால் துணியில் சுற்றாதீர்கள், பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டுங்கள். சாக்குப் பை கட்டும் சணல் போதும். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து. இப்போது நான் செருப்புப் பெட்டியில் வரும் பொட்டலத்தைக்கூட எறிவதில்லை. பில்லைப் போட்டோ எடுத்து வையுங்கள், என் பில் மை கரைந்து வெள்ளைத் தாளாகிவிட்டது. பில் இருந்திருந்தாலும் உபயோகமில்லை என்பது சர்வீஸ் சென்டரில் தெரிந்தது. தண்ணீர்ச் சேதம் வாரண்டியில் வராது. வாரண்டி அட்டையில் இருப்பதுதான், நான்தான் படிக்கவில்லை.

கடைசியில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சின்னக் கடையில் கொடுத்தேன். படிக்கட்டுக்கு அடியில் கடை, ஒரு மேசை, ஒரு மைக்ரோஸ்கோப். அந்த அண்ணன் பலகையைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். ஹெச்டிஎம்ஐ துளையைச் சுற்றிப் பாசி மாதிரி பச்சை பூத்திருந்தது. "பாண்டியா, கடலூரா?" என்றார். எப்படித் தெரியும் என்றேன். "இது ஒரு நாள் தண்ணி இல்ல சார், நாலு மாசம் உப்புக்காத்தும் சேர்ந்து இருக்கு. ஜன்னல் பக்கம் வச்சிருந்தீங்களா?" ஆமாம், ஜன்னல் பக்கம்தான், காற்றோட்டமாக இருக்கட்டும் என்று. பவர் சப்ளை மாற்றி, துளையை மாற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பலகையைக் கழுவி, 11,500. இரண்டு தடவை பஸ்ஸில் போய் வந்தேன். இதற்குள் மகள் பிறந்திருந்தாள். பார்க்க வந்த மைத்துனன் "கேம் எப்படி மாமா போகுது?" என்றபோது "கெட்ட நேரம்டா, மழையில போயிடுச்சு" என்றேன். சொன்ன பிறகுதான் லூசியாவின் பதில் ஞாபகம் வந்தது.

2025 மே 2-ஆம் தேதி, வெளியீடு 2026 மே 26-க்குத் தள்ளிப்போனதாக அறிவித்தார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபமில்லை. அரைகுறையாக வருவதைவிடத் தாமதமாக வருவது மேல். சைபர்பங்க் 2077 என்ற விளையாட்டை நினைத்துப் பாருங்கள். 2020 ஏப்ரல் 16 என்றார்கள், செப்டம்பர் 17 ஆனது, நவம்பர் 19 ஆனது, கடைசியில் டிசம்பர் 10-ல் வந்தது. அப்படி வந்தும் பழைய கன்சோல்களில் தடுமாறி, ஏறக்குறைய ஒரு வாரத்தில் பிளேஸ்டேஷன் கடையிலிருந்து எடுக்கப்பட்டு, 2021 ஜூனில்தான் திரும்ப ஏறியது. இத்தனை பெரிய கதை விளையாட்டுக்கு முதலில் சொல்லும் தேதி ஒரு உத்தேசம்தான். கல்யாண மண்டபத் தேதி மாதிரி அதை நம்பி வீட்டு பட்ஜெட் போடுவது நம் தவறு.

தள்ளிப்போன செய்தி வந்து நாலாம் நாள், மே 6 மாலை, சொல்லாமல் கொள்ளாமல் இரண்டாவது டிரெய்லர் வந்தது. பிஎஸ் 5-ல், அதாவது பிளேஸ்டேஷன் 5 கன்சோலில், எடுத்த காட்சிகள் என்று அதிலேயே போட்டிருந்தார்கள். ஜேசன் கூரை ஓட்டைச் சரி செய்கிறான், பீர் வாங்குகிறான், லூசியா சிறையிலிருந்து வெளியே வருகிறாள். நாலு நாள் சோகத்துக்குப் பிறகு அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது, சிரிக்காதீர்கள். அந்த ஈர மனசோடுதான் அன்று இரவு ஒரு டெலிகிராம் குழுவுக்குள் போனேன். 'ஜிடிஏ 6 முன்பதிவு, முதல் நூறு பேருக்கு ஒரு மாதம் முன்பே விளையாடலாம், 3,999 மட்டும், ப்ரோ.' கியூஆர் கோடை ஸ்கேன் செய்தேன். பெறுபவர் இடத்தில் கடைப் பெயர் இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. பார்த்தேன். பார்த்தும் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் ஒரு இருபது எழுத்துக் கோடு வந்தது. கன்சோலின் கடையில் போட்டால் செல்லாது என்கிறது. கேட்டால், 'ஆக்டிவேஷனுக்கு இன்னும் 1,500 போடுங்க ப்ரோ.' அப்போதுதான் புத்தி வந்தது. அலுவலகத்தில் ஆயிரம் ரூபாய் வவுச்சருக்கு மூன்று கையெழுத்துக் கேட்கிற ஆள் நான்.

இதில் ஏமாறாமல் இருக்க ஒரே ஒரு விஷயம் போதும். அன்றைய தேதிக்கு அந்த விளையாட்டுக்கு எங்கேயும் விலையே அறிவிக்கவில்லை, முன்பதிவும் திறக்கவில்லை. உங்கள் கன்சோலின் சொந்தக் கடையைத் திறந்து பாருங்கள். அங்கே விலை இல்லை என்றால் உலகத்தில் எவனிடமும் முன்பதிவு இல்லை. கணினிக்கான பதிப்பு என்று யாராவது விற்றால் இன்னும் சுலபம், கணினிக்கு வருவதாக அறிவிப்பே இல்லை. பிஎஸ் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ், இவ்வளவுதான் சொல்லியிருக்கிறார்கள். முன்பு ஜிடிஏ 5 கணினிக்கு வர ஏறக்குறைய 19 மாதம் ஆனது, ரெட் டெட் 2-க்கு ஒரு வருடத்துக்குச் சற்று மேல். நல்ல கணினி வைத்திருக்கிறவர்கள் இந்த முறையும் பொறுத்துப் பார்ப்பது பற்றி யோசிக்கலாம். அப்புறம், பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள். சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே, அந்த மணி நேரத்திலேயே கூப்பிடுங்கள். பணப் பரிமாற்றத்தின் 12 இலக்க எண்ணைக் கேட்பார்கள், யுபிஐ செயலியில் இருக்கும். பணம் அடுத்தடுத்த கணக்குக்குப் போகும் முன் தடுத்தால்தான் உண்டு. நான் மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டேன். வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று அந்த மூன்று நாளும் இரவில் தூங்கவில்லை. 3,999-ஐ விட அந்த மூன்று இரவுகள்தான் எனக்குப் பெரிய நஷ்டம்.

2025 நவம்பர் 7 காலை எழுந்தால் மறுபடியும் தள்ளிவைப்பு. இப்போதைய தேதி 2026 நவம்பர் 19. சைபர்பங்க் ஒருமுறை தள்ளிப்போன அதே நவம்பர் 19. சிரிப்புதான் வந்தது.

எல்லாம் வெளியே வந்தது போன மாதம். மகளுக்குக் காதுகுத்து வைக்க நாள் பார்த்தார்கள். "சீட்டு அக்டோபரோட முடிஞ்சிருக்குமே, அதுல தோடு எடுத்துடலாங்க" என்றாள் மனைவி, அரிசி களைந்துகொண்டே. இரண்டு நிமிடம் பேசாமல் நின்றேன். அப்புறம் ஆடி மாதத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டில் தள்ளியது 18,000, டிவி வரியில் 5,000, சந்தா ஏறக்குறைய 4,000, ரிப்பேர் 11,500, டெலிகிராம்காரனுக்கு 3,999. அன்றைய தங்க விலைக்கும் இன்றைய விலைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் சேர்க்கவில்லை, சேர்த்தால் தூக்கம் வராது. அவள் திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. "அன்னைக்கு மழையில நான் போன் பண்ணும்போது இதைத்தான் தூக்கிட்டு இருந்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் நான் வெண்பா என்ற விளையாட்டை வீட்டு லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தேன். 2023-ல் வந்தது. கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா விட்டுப்போன, கறைபடிந்து கிழிந்த சமையல் குறிப்பைப் பார்த்து நாம் சமைக்க வேண்டும், அதுதான் விளையாட்டு. 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு முதல் படைப்புக்குத் தரும் விளையாட்டு விருதை வாங்கியது. கன்சோல், 120 ஹெர்ட்ஸ் எதுவும் வேண்டாம், சாதாரண லேப்டாப் போதும், ஒரே உட்காரலில் முடிந்துவிடும். முதல் அத்தியாயமே இட்லி. தட்டை எப்படி அடுக்குவது என்று குறிப்பில் அழிந்திருக்கும், நாம் கண்டுபிடிக்க வேண்டும். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மனைவி என் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கினாள். "தட்டு மேல தட்டு நேரா வச்சா ஆவி எப்படிப் போகும்? இது கூடத் தெரியல, அறுபதாயிரத்துக்கு டிவி." அன்றுதான் மறுபடியும் பேசினாள்.

அந்த விளையாட்டை முடித்த இரவு அவளாகவே கேட்டாள், "உங்க ஆளு, அந்த ஜெயில் பொண்ணு, எதுக்கு உள்ள போனா?" குடும்பத்துக்காகச் சண்டை போட்டு உள்ளே போனதாக ராக்ஸ்டார் தளத்தில் போட்டிருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, நவம்பர்ல வந்தா அவ வர்ற இடமெல்லாம் நான் ஆடுறேன்" என்றாள். இரண்டு பேர் சேர்ந்து ஆட முடியுமா என்று இதுவரை அறிவிப்பு இல்லை. இரண்டாவது கன்ட்ரோலர் மலிவில்லை. அது தெரியும்வரை வாங்குவதாக இல்லை என்று சொல்லிவிட்டேன்.